மனமகிழ் மன்றத்துக் குதிரைகள்

எங்கள் பக்கத்தில் ‘மனமகிழ் மன்றம்’ என்று ஒரு பலகையைப் பார்த்தால் பெண்களுக்கு மனம் மகிழாது, வயிறு எரியும். உள்ளே உட்கார்ந்து குடிக்கலாம் என்பதுதான் அந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம். கறுப்புக் கண்ணாடிக் கதவு, வாசலில் வரிசையாக மோட்டார் சைக்கிள், ஓரமாக அவித்த முட்டை விற்கிற தள்ளுவண்டி. பலகையில் மட்டும் பாடப்புத்தகத் தமிழ். நல்ல சொற்களை இப்படி நாசமாக்க எங்கே போய்க் கற்றுக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

அப்படி ஒரு பலகை எங்கள் ஊர்த் தென்னந்தோப்புப் பாதையில் முளைத்தது. தாடிக்கொம்பைத் தாண்டி அகரத்துப் பக்கம், குடகனாற்றை ஒட்டி எங்கள் ஊர். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மகளிர் குழுவுக்கும் நான்தான் தலைவி. போட்டிக்கு யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. கோபம் எப்போதும் உள்ளே இருக்கும், சீக்கிரம் வெளியே வரும், அவ்வளவுதான்.

பலகையை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர். அவர் நிலக்கோட்டையில் பூ வண்டி ஓட்டியவர். மல்லிகை ஏற்றுகிற வண்டிக்கு நேரம்தான் எல்லாமே. அவருடைய குடி முற்றியபோது வண்டி பிந்த ஆரம்பித்தது. ஒரு நாள் போய்ச் சேரவே இல்லை. வழியில் ஒரு புளியமரத்தடியில் அவரும் தூங்க, மூட்டை மூட்டையாகப் பூவும் வாடியது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுத எனக்கு மனமில்லை. மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பாதி உடம்பாகத் திரும்பி வந்தார், ஆனால் குடிக்காமல் வந்தார். மெயின் ரோட்டில் கடை இருப்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. பஸ் ஏறுவதானாலும் ஆற்றுக்குப் போவதானாலும் தென்னந்தோப்பைச் சுற்றித்தான் போவார். அந்த ஒரு பாதைதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

அன்றைக்கு வெளியே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்.

“என்னங்க, போகலையா?”

“அந்தப் பக்கமும் வந்துருச்சு புள்ள” என்றார். 

நான் போய்ப் பார்த்தேன். தோப்பு வாசலில், மூங்கில் படலுக்கு மேலே, புதுப் பெயிண்ட் மணம் போகாத பலகை. ‘மனமகிழ் மன்றம்’ என்று கொட்டை எழுத்தில். அதற்கு மேலே வளைத்து வளைத்து எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ எழுதியிருந்தது, அதைப் படிக்க நான் நிற்கவில்லை. பக்கத்தில் கால் தூக்கிய குதிரைப் படம். என்கூட வந்த அக்கா, எங்கள் குழுவில் மூத்தவர், மூக்கில் விரலை வைத்து, “குதிரைப் படம் போட்டிருக்கான் பாரு, புதுச் சரக்கு போல” என்றார்.

அன்று சாயங்காலமே குழுவைக் கூட்டினேன். மறுநாள் காலையில் புறப்பட்டோம். ஆளுக்கு ஒரு விளக்குமாறு. பள்ளிக்கூடத்துக்கு முட்டை வந்த அட்டைகளைக் கிழித்து, ‘மூடு மூடு, மன்றத்தை மூடு’ என்று நானே எழுதியிருந்தேன். பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனதில் தென்னையில் இருந்த கிளியெல்லாம் பறந்துவிட்டது.

படலைத் திறந்தவர் ஒரு பாய். அறுபது வயது இருக்கும், ஒல்லி, வெள்ளைத் தாடி, காலில் முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“வாங்கம்மா, வாங்க வாங்க! ஊர்ப் பொம்பளைங்க பாக்க வருவீகன்னு நெனச்சேன், இம்புட்டுப் பேரு வருவீகன்னு நெனைக்கவே இல்ல!”

எனக்குத் தலை சூடாகிவிட்டது. “சரக்கு எங்கய்யா வச்சிருக்க?” என்றேன்.

“சரக்கா? பின்னாடி செட்டுல கெடக்கு. நேத்துத்தான் ஒரு லோடு எறங்குச்சு. வாங்க, காட்டுறேன்” என்று முன்னால் நடந்தார்.

இப்படிக்கூட ஒரு மனுசன் கூசாமல் சொல்வானா என்று எங்களுக்கு ஆங்காரம். விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டே பின்னால் போனோம். கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே மூட்டை மூட்டையாகக் கொள்ளு, கோதுமைத் தவிடு, அடுக்கி வைத்த சோளத்தட்டை. அவர் பரம்பரை வியாபாரி. சரக்கு என்றால் அவருக்குச் சரக்குதான், நாங்கள் கேட்டது வேறு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. நாங்கள் வாயைத் திறந்தபடி நிற்க, பின்பக்கம் இருந்து ஒரு பழுப்புக் குதிரை தலையை நீட்டி என் கையில் இருந்த அட்டையைப் பிடுங்கி, ‘மூடு மூடு’ வரைக்கும் தின்றுவிட்டது.

முதலில் சிரித்தது மூத்த அக்கா. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் மட்டும் சிரிக்காமல் நின்றேன், பிறகு நானும் சிரித்தேன்.

நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொன்னதும் பாய் அப்படியே தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “அல்லாவே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. குதிரை ஏற்றம் பழக ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். அதைப் பதியப் போன இடத்தில் இவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர் ‘தமிழில் இதுதாங்க’ என்று மனமகிழ் மன்றம் ஆக்கிவிட்டார். “நல்ல தமிழா இருக்கேன்னு சரின்னுட்டேம்மா. அந்தக் கடைப் பக்கம் நமக்குப் பழக்கம் இருந்தாத்தான அது என்னன்னு தெரியும்?” என்றார். பலகை எழுதியவரோ, குதிரையேற்றம் என்ற நீளச் சொல்லுக்கு இடம் போதாமல் அதை மேலே சின்னதாக வளைத்துவிட்டிருக்கிறார். அன்றைக்கே ஏணி போட்டு ஏறி அந்த இரண்டு சொல்லின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் நாங்கள் கீழே இறங்கினோம். பாய் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

அவருக்கு டவுனில் தோல் வியாபாரம். ராவுத்தர் குடும்பம். “ராவுத்தர்னாலே குதிரைக்காரன்னுதான் அர்த்தம். ஆனா எங்க அத்தா காலத்துல இருந்து ஒருத்தரும் கழுதை மேலகூட ஏறல. பேருல மட்டும் குதிரைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு ஊரை ஏமாத்துறது?” என்பார். பையன்கள் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் ஐம்பத்தைந்து வயதில் குதிரை ஏறப் பழகி, இரண்டு தரம் கீழே விழுந்து, ஒரு தரம் தோள்பட்டையை முறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு சங்கம் வைத்தவர். தோப்பு இன்னொருவருடையது. தாடிக்கொம்பு பக்கத்துச் சம்சாரி, பேச்சில் வெல்லம், எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய். தேங்காய் விலை இறங்கியிருந்த சமயத்தில் தோப்பை ஒட்டிய மேட்டு நிலத்தைக் குதிரைக்கு விட்டிருந்தார். சங்கத்துக்கு அவர் தலைவர், பாய் செயலாளர். ஊரைச் சமாதானப்படுத்த என்னையும் ஒரு உறுப்பினர் ஆக்கினார்கள்.

குதிரைகள் மொத்தம் மூன்று. மூன்றுமே வேறு வேலை பார்த்து வந்தவை, பழைய உத்தியோகத்தை விடாதவை. ஒன்று ரேக்ளா வண்டியில் ஓடியது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்தால் முந்தப் பார்க்கும். வெள்ளைக் குதிரை கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. யாராவது செல்போனைத் தூக்கினால் முன்காலை உயர்த்திப் போஸ் கொடுத்துவிடும். எனக்குப் பிடித்தது என் அட்டையைத் தின்ற பழுப்புக் குதிரைதான். அது பழனியில் பக்தர்களை ஏற்றி வண்டி இழுத்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஆளைக் கண்டால் போதும், சவாரி கிடைத்துவிட்டது என்று நின்றுவிடும். அந்த ஆள் ஏறாமல் நகராது. சங்கத்துக்கு வந்து சேரும் ஆட்களிடம் பாய் முதலில் கேட்கிற கேள்வி, “சமீபத்துல மொட்டை எதுவும் போடலையே தம்பி?”

எனக்குச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. குதிரை பகலில் இருக்கும், பாட்டில் ராத்திரியில் வரும் என்று நினைத்தேன். அதனால் கொஞ்ச நாள் காலையிலும் சாயங்காலமும் சும்மா பார்க்கிற மாதிரி போய்ச் செட்டை நோட்டம் விட்டு வருவேன். துணைக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போவேன். அவருக்குக் குதிரை என்றால் பயம். லாரிக்கு நடுவில் வண்டியை நுழைத்து ஓட்டுகிறவர், குதிரை தும்மினால் தென்னைக்குப் பின்னால் போய் நிற்பார். அப்படி நின்றவரிடம் ஒரு நாள் பாய் கேட்டார்:

“தம்பி, வண்டி ஓட்டுவீகளாமே? அகரத்துல இருந்து பச்சைப் புல்லு ஏத்தி வர ஆள் கெடைக்கல. குட்டியானை வண்டி நிக்கிது. ஓட்டித் தாரீகளா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே குதிரையைப் பார்த்தேன். இதில் நான் ஒரு வார்த்தை பேசினாலும் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, என் வாயை நானே கட்டிப்போட்ட ஒரே தருணம் அது. “என்னையப் பத்தி விசாரிச்சுட்டுக் குடுங்க பாய்” என்றார் அவர்.

“விசாரிச்சுட்டேன்” என்று பாய் சாவியை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சாவியை எங்கே வைப்பது என்று கேட்டார். ஆணியில் மாட்டுங்கள் என்றேன். மாட்டினார். சாப்பிட்டு எழுந்து போய் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நான் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவினேன்.

அதற்குப் பிறகு அந்தத் தோப்பு எங்கள் ஊருக்குப் பழகிவிட்டது. காலையில் டவுனில் இருந்து பல் டாக்டர், மில் அதிகாரி என்று காசு கட்டிப் பழகுகிறவர்கள் வருவார்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு கட்ட வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். முதலில் ஒரு மாதம் அவர் யாரையும் மேலே ஏற்றவே மாட்டார். குதிரை லத்தி அள்ளணும், தேய்ச்சு விடணும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கணும். பிறகுதான் சேணம். பெண் பிள்ளைகள்தான் அதில் தாக்குப்பிடித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணொருத்தி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்து, “ஏ ஆத்தி, இவ கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய நடக்க விட்டுட்டு இவ குதிரையில வருவா போல” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்த லத்தியை எருவுக்கு வீட்டுக்காரர் நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய அதே ஊருக்குள் வண்டியோடு போய் வந்தது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் எனக்கு இரண்டு முழம் பூ வாங்கி வந்தார். அது போதுமே.

என்னையும் ஏற்றினார்கள். நாற்பத்தாறு வயதில், சுடிதார் போட்டுக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி அங்கவடியில் கால் வைத்து. உட்கார்ந்த பிறகு ஊரே சின்னதாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆற்றோர மணலில் பாய் வெள்ளைக் குதிரையில் முன்னால் போக, நான் பழனிக் குதிரையில் பின்னால் போனேன். என் கெட்ட நேரம், பழனிக்குப் போய்த் திரும்பிய குடும்பம் ஒன்று பாலத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தது. அப்பா, மகன், கைக்குழந்தை, எல்லாம் மொட்டை. குதிரை நேராக அவர்களிடம் போய் நின்றது. தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் அந்தக் கைக்குழந்தையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அது நான்கு எட்டு வைத்தது. குழந்தையின் அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். அன்று நான் சிரித்த மாதிரி கல்யாணத்துக்குப் பிறகு சிரித்ததே இல்லை.

இதெல்லாம் இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. மறு வருஷம் மழை பொய்த்தது. ஆத்தூர் அணையில் தண்ணீர் இறங்கி, ஆறு சுத்தமாகக் காய்ந்தது. புல் கிடைக்கவில்லை, தட்டை விலை ஏறியது. டவுன் உறுப்பினர்கள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். பாய் கையில் இருந்து போட்டுப் பார்த்தார். தோப்புக்காரருக்கும் தென்னை காய்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருந்து ஒருவர், சட்டை கசங்காதவர், மரியாதைக்குக் குறைச்சல் இல்லாதவர். நாங்கள் பலகைக்குத்தான் சுண்ணாம்பு அடித்திருந்தோம். பதிவில் சங்கத்தின் பெயர் மனமகிழ் மன்றமாகவே இருந்தது. அதை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

“ஏனுங்க, மனமகிழ் மன்றம்னு பதிஞ்சிருந்தாத்தான் பார் லைசென்ஸ் கிடைக்கும்ங்க. புதுசா ஒண்ணு பதிஞ்சு எடுக்கறதுன்னா இழுத்தடிக்கும்ங்க. உங்களுது தயாரா இருக்குது. சாயங்காலத்துக்கு மட்டும் ஒரு ஓரமா நாங்க பார் நடத்திக்கறோம்ங்க. காலையில குதிரை அதுபாட்டுக்கு ஓடட்டும்ங்க. தீனிச் செலவு, இட வாடகை எல்லாம் எங்க பொறுப்புங்க” என்றார்.

உறுப்பினர்கள் கூடிச் சம்மதித்தால் போதும். பாய் முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் நிலம் அவருடையது இல்லையே. “நீங்க வேண்டாம்னா வேண்டாம் பாய், ஆனா குதிரைக்கு வேற எடம் பாத்துக்கங்க. எனக்கும் வேற வழி தெரியல” என்று தோப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாய்க்குப் போக வேறு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவானது.

எனக்கு அந்த வாரம் தூக்கம் போனது. குதிரை போனால் எனக்கு வருத்தம்தான், அதை விடுங்கள். என் பயம் ஒன்றே ஒன்று. என் மனுசனுக்கு இருந்த ஒரே பாதையில், அவர் சாவி வாங்கிய அதே இடத்தில், அவர் கையால் புல் இறக்குகிற அதே செட்டுக்குப் பக்கத்தில் கடை வரப்போகிறது. அவரிடம் நான் இதைப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஊரில் யாரிடமும் நான் பேசியதே கிடையாது. அவர் வேலையை விட்டபோது வயிற்றுப்புண் என்றேன். மையத்துக்குப் போனபோது தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். ஊருக்கே தெரியும், தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்காகத் தெரியாத மாதிரி இருந்தார்கள். கூட்டத்தில் பெண்கள் பாதுகாப்பு, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பது, மனு, மறியல் என்று என்னவெல்லாம் பேசலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், என்கூடக் குழுப் பெண்களும் இருந்தார்கள். கார்க்காரரும் வந்திருந்தார், எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கி வந்திருந்தார். நான் எழுந்து நன்றாகவே பேசினேன். அவர் எதற்கும் கோபப்படவில்லை. “ஏனுங்கம்மா, நீங்க சொல்றதெல்லாம் நியாயம்ங்க. ஆனா குடிக்கறவன் எங்கிருந்தாலும் தேடிப் போய்க் குடிப்பான்ங்க. குடிக்காதவன் கடைக்குள்ளாறயே உக்காந்திருந்தாலும் குடிக்க மாட்டான்ங்க. சரிதானுங்களே?” என்றார். பல் டாக்டர் தலையை ஆட்டினார். அத்தனை மனப்பாடம் செய்த நானே உட்கார்ந்துவிட்டேன். 

வண்டியில் இருந்து புல் இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார். தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

“அது சரியில்லீங்க” என்றார். “நான் குடிகாரன். இப்பக் குடிக்கல, ஆனா குடிகாரன்தான். சாயங்காலம் ஆனா எனக்கு இன்னமும் கை நடுங்கும். அந்நேரத்துக்குத்தான் இங்க வந்து குதிரைக்குக் கொள்ளு வைக்கிறேன். அதுக தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னேன்னா அந்த நேரம் தாண்டிரும். அதுக்குத்தான் வாரேன், கூலிக்கு இல்ல. இங்க கடை வந்துச்சுன்னா ஒரு வாரம் தாங்குவேன். அப்புறம் உள்ள போயிருவேன். என்னைய மாதிரி ஆளுக்கு எங்க கடை இருக்குங்கறதுதான் எல்லாமே. அம்புட்டுத்தான்.”

திரும்பிப் போய்ப் புல் கட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷம் நான் மூடி மூடி வைத்ததை நாற்பது பேருக்கு முன்னால் இரண்டு நிமிஷத்தில் திறந்து போட்டுவிட்டாரே என்று. அது செத்த நேரம்தான். பிறகு ஒரே அழுகை. மூத்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்னென்னவோ பொய் சொல்லிக் காப்பாற்றிய மனுசனைவிட, புல் கட்டோடு நடந்து போகிற இந்த மனுசன் எவ்வளவோ பெரிய ஆளாகத் தெரிந்தார். அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

 தோப்புக்காரர் எழுந்தார். “யோசிச்சுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார்க்காரர் சிரித்த முகமாகவே விடைபெற்றார். போச்சு என்றுதான் நான் நினைத்தேன். பாய் சேணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தார், வீடு காலி செய்கிறவர் மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கம்போல் கொள்ளு வைக்கப் போனார். அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. இட்லியும் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் வெஞ்சனமும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். வெயில் இறங்கியிருந்தது. குதிரைகள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. செட்டுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட தண்ணீர்த் தொட்டி மேல் தோப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“கடை வராது” என்றார் தோப்புக்காரர். “அந்தாளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். வாடகையப் பத்தி மழை பேஞ்சப்புறம் பேசிக்குவோம்.”

 நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார்.

“அப்பு, நீ போன எடம் எங்க இருக்கு? என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?”

 வீட்டுக்காரர் மீதிக் கொள்ளு இருந்த வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “மொதல்ல இதை அந்த வெள்ளைக்கு வைங்க. அது தின்னு முடிக்கட்டும். காலையில போவோம்” என்றார்.

தோப்புக்காரர் வாளியோடு போய்க் குதிரைக்குப் பக்கத்தில் நின்றார். கை நடுங்கிய நடுக்கத்தில் வாளியின் கைப்பிடி கடகடவென்று ஆடியது. குதிரை அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் தின்றது. தின்று முடிகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.

கிளம்பும்போது தோப்புக்காரர் என்னிடம் மெதுவாக, “தங்கச்சி, எங்க வீட்டுல தெரிய வேணாம்மா” என்றார்.

எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது, நல்லவேளை. “அண்ணே, உங்க வீட்டு அக்காவுக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்க சொல்லுவீகன்னுதான் இம்புட்டு வருசமா உக்காந்திருக்காக. போய்ச் சொல்லுங்க” என்றேன்.

மறுநாள் காலை தோப்பு வாசலில் குட்டியானை நின்றது. வீட்டுக்காரர் ஓட்டுகிற இடத்தில், தோப்புக்காரர் ஜன்னல் ஓரம். நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி. மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு, கையில் அவருக்கு மாற்று வேட்டி சட்டை வைத்த பை. அந்த அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து என்னைப் பார்த்தார். கும்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மதுரை பஸ்ஸில் நான் அப்படித்தான் உட்கார்ந்து போனேன்.

புல் ஏற்ற அன்றைக்கு வண்டி இல்லை. குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, அரிவாளோடு நாங்களே அகரத்துக்கு நடந்தோம்.